புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில்

வாசிக்கிறதை விட்டுவிட்டேன் என்று சொல்பவர்களிடம் காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் கிண்டிக் கேட்டுப் பாருங்கள். கடைசியாக வாசித்த புத்தகம் பெரும்பாலும் அவர்களுக்கு நன்றாகப் பிடித்ததாகத்தான் இருக்கும். அதை முடித்த கையோடு, இனி எடுப்பது இதற்குக் குறையாததாக இருக்கவேண்டும் என்று தேடத் தொடங்கியிருப்பார்கள். தேடல் ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று இழுபட, அந்த இடைவெளிக்குள் கைபேசி வந்து குந்திவிடும். பிறகு எங்கே புத்தகம்!

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் புத்தக அலுமாரித் திறப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. வேலை நாட்களில் கந்தோர், சனிக்கிழமைப் பின்னேரம் வாசிகசாலை. முன்னால் பேப்பர் மேசையைச் சுற்றி உதயனையும் வலம்புரியையும் விரித்துவைத்து அரசியல் கதைக்கிற கூட்டம். பின்னால் இரண்டு அலுமாரியும் ஒரு இரும்பு றாக்கையும். "அக்கா, அடுத்து என்னத்தை எடுக்கிறது?" என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு முடிவு வந்திருக்கிறது. எந்தப் புத்தகத்தை எடுக்கிறோம் என்பது அவ்வளவு பெரிய விசயமில்லை. எப்போது எடுக்கிறோம் என்பதுதான் விசயம். கையிலிருப்பது முடிய முன்னமே அடுத்தது வீட்டுக்கு வந்துவிட்டால், அது சுமாரான புத்தகமாக இருந்தாலும் வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும். சரியில்லையென்றால் மூடிவைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கலாம். கையில் ஒன்றுமேயில்லாமல் போகிற கிழமைக்குத்தான் பயப்படவேண்டும்.

ஆட்கள் எப்படிப் புத்தகம் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே நல்ல பொழுதுபோக்கு. விமர்சனம் வாசித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கண் ஒப்பரேசன் செய்தவர். பின்மட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, யன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் அது அன்றைக்கு அவருடைய புத்தகம். ஓட்டோ ஓடுகிற தம்பிக்குத் தடிப்பம் முக்கியம். ஹயருக்குக் காத்துநிற்கிற நேரத்தில் எடுத்து வாசித்துவிட்டுச் சீற்றுக்குப் பக்கத்தில் செருகிவைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். சிறுகதையென்றால் இன்னும் வசதி, ஆள் வந்து ஏறினால் கதை பெரிதாக அறுபடாது. கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கிற அன்ரி, தன்னுடைய ஊரின் பெயர் எங்கேயாவது வருகிற புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார். ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் மட்டைப் படத்தைப் பார்த்து எடுப்பார்கள், அதைச் சொல்லத்தான் வெட்கப்படுவார்கள்.

இவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. தாங்கள் எங்கே, எந்த நேரத்தில், எந்தக் கண்ணோடு வாசிக்கப்போகிறோம் என்று தெரிந்து எடுக்கிறார்கள். "கட்டாயம் வாசிக்கவேண்டிய நூறு" என்று கைபேசியில் பட்டியலோடு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள். பட்டியலில் இருப்பது அலுமாரியில் இராது, அலுமாரியில் இருப்பது பட்டியலில் இராது. ஆகவே முதலில் இடத்தை முடிவுசெய்யுங்கள். படுத்துக்கொண்டு வாசிக்கிறவருக்கு அறுநூறு பக்கத்துக் கெட்டி அட்டைப் புத்தகம் தண்டனை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர் கவிதைப் புத்தகம் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை, கிளிநொச்சி தாண்ட முன்னமே லைற்றை நிப்பாட்டிவிடுவார்கள்.

எங்கள் வயதுக்காரருக்குச் சின்ன வயதில் தெரிவு என்கிற சங்கடமே இருக்கவில்லை. 1990களின் போரும் பொருளாதாரத் தடையுமான காலம். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் குதிரை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கைச் சுற்றி நாலைந்து பேர் படிப்போம். தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்று ஊருக்குள் வந்தால் மட்டை கழன்று, முதல் பக்கங்கள் போய், சில வேளை கடைசி அத்தியாயமும் இல்லாமல்தான் எங்கள் கைக்கு வரும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, பெரும்பாலான வீடுகளில் புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு சேர்டிபிக்கற்றுகளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். அந்தக் காலத்தை வாசிப்பின் பொற்காலம் என்று சிலர் கதைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறொன்றும் இல்லாததால் கிடைத்ததையெல்லாம் வாசித்தோம். அதில் பாதி குப்பை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் இடையில் அப்போது இடைவெளியே வராது. ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் படலையில் வந்து நின்று "முடிச்சிட்டியளோ?" என்று கேட்பார். அவரிடம் அதைக் கொடுத்துவிட்டு அவர் முடித்ததை நாங்கள் வாங்குவோம்.

இப்போது எல்லாம் தலைகீழ். 2005 முதல் இயங்குகிற நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுகிறது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பலும் தொடங்கியது. போய்வருகிறவரிடம் சொல்லிவிட்டால் சேலைகளுக்கு நடுவில் ரெண்டு புத்தகமாவது வந்துசேரும். கிடைக்காது என்று சொல்ல இனி முடியாது. எதை எடுப்பது என்றுதான் முழிக்கிறோம்.

நான் செய்வது இதுதான். ஒரு புத்தகத்தில் ஐம்பது பக்கமளவில் மிச்சமிருக்கும்போது அடுத்ததைத் தேடத் தொடங்குவேன். முடித்த பிறகு தேடினால் அந்தப் புத்தகத்தின் மயக்கத்தில் வேறெதுவும் கண்ணுக்குப் பிடிக்காது. நடுவில் தேடினால் புதுசின்மேல் ஆசை வந்து கையிலிருப்பது கிடப்பில் போய்விடும். கடைசி ஐம்பது பக்கத்தில் நிற்கும்போது, இந்தப் புத்தகம் எனக்கு எதைச் சொல்லவில்லை என்று தெரிய ஆரம்பித்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த புத்தகம் தானாக வரும்.

ஒரு உதாரணம். 2022 செப்டெம்பர் கடைசியில் மணிரத்னத்தின் படம் வந்ததும் கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு எங்கள் அலுமாரியில் அடிபிடி. ஐந்து பாகமும் ஐந்து வீட்டில் நிற்கும், மூன்றாம் பாகம் வராமல் நாலாம் பாகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் புறுபுறுப்பார். பாதிப்பேர் இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டார்கள். முடித்தவர்கள் வந்து கேட்டது ஒரே கேள்வி: "இதுமாதிரி இன்னொண்டு இருக்கோ?" நான் பார்த்தவரையில் "இதுமாதிரி" என்று எடுத்த புத்தகம் யாரையும் திருப்திப்படுத்தியதில்லை. முதலாவதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே அதைக் கொன்றுவிடுவார்கள். ஆகவே நான் திருப்பிக் கேட்பேன், அதில் எந்த இடம் மனதில் நிற்கிறது என்று. உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருத்தி, அருள்மொழிவர்மன் இலங்கையில் நிற்கிற பகுதி என்றாள். "அது உண்மையா நடந்ததோ அக்கா?"

அந்தக் கேள்விக்குப் புத்தகம் இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி 1930களில் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாறு தமிழிலும் வந்திருக்கிறது. தடித்த புத்தகம். முழுவதும் வாசிக்கவேண்டாம், பின்னால் சொல்லடைவில் ஈழம் என்று தேடி அந்தப் பக்கங்களை மட்டும் வாசி என்று கொடுத்தேன். நாவலில் இளவரசனாக வருகிறவன்தான் பிறகு ராஜராஜனாகி இலங்கையின் வடபகுதியைப் பிடித்தான் என்பதையும், அவனுடைய மகன் ராஜேந்திரன் காலத்தில் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான் என்பதையும் வாசித்துவிட்டு வந்தாள். பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் கற்கோயிலாக இன்றும் நிற்கிறது என்பது அவளுக்குப் பெரிய புதினம். இவ்வளவும் சோழர் பக்கத்துக் கதை, சிங்களவர் இதை எப்படி எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அதற்கு சூளவம்சம். நாவலில் தொடங்கிய பிள்ளை இப்படித்தான் பாளி மொழி வரலாற்று நூல் ஒன்றைப் பற்றி விசாரிக்கிற இடத்துக்கு வந்தாள். யாரும் அவளுக்குப் பட்டியல் கொடுக்கவில்லை.

இதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாசித்ததில் சந்தேகம் வந்த இடத்தைப் பிடித்துப் போவது. மற்றது, வாசித்ததை மறுத்துச் சொல்கிற புத்தகத்தைத் தேடுவது. நம்மூரில் இரண்டாவதைச் செய்ய ஆட்கள் குறைவு. போரைப் பற்றி ஒரு பக்கத்து ஆட்கள் எழுதிய பத்துப் புத்தகம் வாசித்தவர்களை எனக்குத் தெரியும், மறுபக்கத்தவர் எழுதியதில் ஒன்றைத் தொடமாட்டார்கள். வாசித்தால் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று யார் சொன்னது?

கேள்வி ஒன்றும் மனதில் வராத நாட்களும் உண்டு. அப்போது நூலகத்துக்குப் போய் நிற்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிக் கதைத்தால் எல்லாரும் 1981ஐயும் எரிந்துபோன 97,000 நூல்களையும் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தைத் திட்டமிடும்போது ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் என்பது பலருக்குத் தெரியாது. 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளைத்தான் உலகம் முழுக்க நூலகத்துறை மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது விதி. மூன்றாவது அதைத் திருப்பிப் போடுகிறது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அடுத்து எதை வாசிப்பது என்று தலையைச் சொறிகிறவர் இரண்டாவதை மட்டும் நினைக்கிறார். மூன்றாவதின்படி பார்த்தால் றாக்கையில் ஏதோ ஒன்று உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த இரண்டு இடங்கள். ஒன்று, திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்க முன்னம் குவித்துவைக்கிற மேசை. றாக்கையில் இருப்பதைவிட அங்கே கிடப்பது நல்லதாக இருக்க வாய்ப்புக் கூட, யாரோ ஒருவர் போன கிழமை விரும்பி எடுத்துப்போனது அது. மற்றது, பழைய புத்தகங்களின் உள்மட்டையில் ஒட்டியிருக்கிற திகதித் தாள். முத்திரை நெருக்கமாகக் குத்தியிருந்தால் ஊர் விரும்பிய புத்தகம். ஒரே மாதத்தில் மூன்று திகதி இருந்தால், எடுத்தவர்கள் கெதியாக முடித்துவிட்டார்கள், அல்லது முடிக்காமலே கொண்டுவந்துவிட்டார்கள். எப்படியோ ஒரு வேகம் இருக்கிறது. வருடக்கணக்காக ஒரு முத்திரையும் விழாத தாளைக் கண்டால் நான் அந்தப் புத்தகத்தைச் சும்மா ஒருக்காத் திறந்து பார்ப்பேன். பத்தில் ஒன்பதை அப்படியே திரும்ப வைத்துவிடவேண்டியதுதான். அந்தப் பத்தாவதுக்காகத்தான் இந்த வேலை. தமிழ் இலக்கியத்தைத் தேடுகிறவர், நூலகங்களில் புத்தகங்களை இலக்கம் போட்டு அடுக்குகிற டூயி பகுப்பில் 894.811 என்ற இலக்கத்தை ஞாபகம் வைத்திருந்தால் இலங்கையின் எந்தப் பொது நூலகத்திலும் யாரையும் கேட்காமல் நேரே போய் நிற்கலாம். பகுப்பு முறை ஒன்றைத் தானே உருவாக்கிய ரங்கநாதன் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது.

ஆட்களிடம் கேட்பதானால், எது நல்ல புத்தகம் என்று கேட்காதீர்கள். உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது, பெரிய பெயராக ஒன்றைச் சொல்லித் தப்பிவிடுவார்கள். "கடைசியாக எதைப் பாதியில் விட்டீங்கள், ஏன்?" என்று கேளுங்கள். அதில்தான் ஆளின் ருசி தெரியும். எங்கள் வாசிகசாலைக்கு வருகிற மாஸ்டர் ஒருவருக்கு எதுவும் பிடிக்காது. "உதெல்லாம் ஒரு புத்தகமே பிள்ளை? ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை, கண்டறியாத கெட்ட வார்த்தை வேறை!" என்று மேசையில் போட்டுவிட்டுப் போவார். அவர் அப்படித் திட்டிய புத்தகங்களில் பெரும்பாலானவை எனக்குப் பிடித்திருக்கின்றன. அவர் "பரவாயில்லை" என்றால் நான் கிட்டவும் போவதில்லை. அவரைப்போல நம்பகமான வழிகாட்டி எனக்கு வேறில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். ருசி ஒத்துப்போகிற சிநேகிதி ஒருத்தியும் எதிர்மாறான மாஸ்டர் ஒருவரும் இருந்தால் முகப்புத்தகத்துப் பாராட்டுப் பதிவுகள் தேவையே இல்லை.

பிறகு, நாம் தெரிவுசெய்யாமலே வீட்டுக்கு வந்துசேர்கிற புத்தகங்கள். யாழ்ப்பாணத்தில் இது ஒரு தனி வகை. தெரிந்தவரின் நூல் வெளியீடு என்றால் போகாமல் இருக்கமுடியாது. என்வலப்பில் காசு வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்கவேண்டும், மேடையில் பெயர் கூப்பிட்டால் படமும் எடுக்கவேண்டும். அந்தியேட்டிக்குப் போனால் நினைவு மலர். முன்பக்கம் இறந்தவரின் படமும் வம்சாவளியும், உள்ளே தேவார திருவாசகம், சில வீடுகளில் அவர் எழுதிவைத்திருந்த ஊர்க் குறிப்புகளையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். இவையெல்லாம் ஒரே றாக்கையில் ஏறினால், அடுத்த புத்தகம் எடுக்கக் கை நீட்டுகிறபோதெல்லாம் கடமை முன்னுக்கு வந்து நிற்கும், வாசிக்கிற ஆசையே போய்விடும். நான் அவற்றுக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறேன். வெளியீட்டுக்குப் போனால் நயப்புரையைக் கவனமாகக் கேட்பேன். பேசுகிறவர் எல்லாவற்றையும் புகழ்ந்தால் அவர் வாசிக்கவில்லை. ஏதாவது ஒரு பக்கத்தைச் சுட்டி "இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை" என்றாரானால் அந்தப் புத்தகம் தனித் தட்டுக்குப் போகாது. நினைவு மலர்களையும் அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். ஊர்க் குறிப்பு இருக்கிற மலரில் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லாத குளத்தின் பெயரும் கேணியின் கதையும் இருக்கும்.

விலையைச் சொல்லாமல் விடமுடியாது. 2022க்கு முன்னம் இந்திய ரூபா ஒன்று எங்களுக்கு இரண்டரை ரூபா கணக்கு. நெருக்கடிக்குப் பிறகு மூன்றைத் தாண்டிவிட்டது, ஏற்றுக்கூலியும் கடைக்காரரின் லாபமும் அதற்கு மேலே. இந்தியாவில் முந்நூறு ரூபா என்று மட்டையில் போட்டிருக்கிற புத்தகம் இங்கே ஆயிரத்தைத் தாண்டும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கினால் பிடிக்காவிட்டாலும் முடித்தே ஆகவேண்டும் என்கிற பிடிவாதம் வந்துவிடுகிறது, வாசிப்பு அங்கேயே சிக்கிவிடுகிறது. அதனால் வாங்குகிற முடிவையும் வாசிக்கிற முடிவையும் நான் பிரித்துவைத்திருக்கிறேன். வாசிப்பது இரவலில். ஈழத்துப் புத்தகமென்றால் நூலகம் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்து இருபது பக்கம் வாசித்துவிடுவேன். வாங்குவது, இரண்டாம் தரம் வாசிக்கத் தோன்றுகிற புத்தகத்தை மட்டும். கந்தோரில் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொன்றாக வாங்கிச் சுற்றுக்கு விடுகிறோம். ஒருவர் வாங்கியதை மற்றவர் வாங்கக்கூடாது என்பதுதான் ஒரே ஒழுங்கு.

பாதியில் விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பேர்ளின் கணக்கு. ஐம்பது பக்கம் வாசி, பிடிக்கவில்லையா, விடு. ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்து, வருகிற அளவு பக்கம் வாசித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். மாஸ்டருக்கு இதைச் சொன்னபோது அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அமெரிக்கரைப் பாராட்டினார். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, முழுக் கணக்கையும் வாசித்தாகவேண்டும். ஒன்று மட்டும்: பாதியில் விட்ட புத்தகத்தை அன்றைக்கே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தலையணைப் பக்கத்தில் கிடந்தால் அது உங்களை வேறொன்றையும் எடுக்கவிடாது.

பிள்ளைகள் விசயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பொது அறிவுப் புத்தகம்தான் எடுக்கவேண்டும் என்று அம்மாமார் அலுமாரியடியில் நின்று பறிப்பதை நிப்பாட்டினால் போதும். அவன் படக்கதை எடுத்தால் எடுக்கட்டும்.

போன வருடம் எங்கள் அலுமாரியில் ஒரு சின்ன வேலை செய்தோம். ஒவ்வொரு புத்தகத்தின் பின்மட்டை உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டி, "இதுக்குப் பிறகு நான் எடுத்த புத்தகம்" என்று தலைப்புப் போட்டுவிட்டோம். திருப்பிக் கொண்டுவருகிறவர் அடுத்து எடுக்கிறதன் பெயரை எழுதிவிட்டுப் போகவேண்டும். புத்தகத்தைப் பற்றிய அபிப்பிராயம் கேட்கவில்லை, கேட்டால் எல்லாரும் "நன்று" என்று எழுதிவிடுவார்கள். பெயரை மட்டும் கேட்டதால் தாள்கள் வடிவாக நிரம்பிக்கொண்டு வருகின்றன. சமையல் புத்தகத்துக்குப் பிறகு ஒருவர் இயக்கக்காரர் ஒருவரின் நினைவுக் குறிப்பை எடுத்திருக்கிறார். அதற்குப் பின்னால் எடுத்தவர் அதே வழியில் போயிருக்கிறார். "ஒண்டும் எடுக்கேல்லை, சோதினை" என்றும் ஒரு தாளில் கிடக்கிறது. புத்தகத்தைப் பழுதாக்குகிறோம் என்று நிர்வாகசபையில் ஒருவர் ஆட்சேபித்தார். பென்சிலால் மட்டும் எழுதுவது என்று தீர்மானம் போட்டு, பென்சிலை நூலில் கட்டி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறோம்.